எங்கள் ஆய்வகத்து ‘இ பை எம்’ கருவி: இரண்டு செமஸ்டர் கழித்து எழுதுகிறேன்

எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அதன் நிறையால் வகுத்தால் வரும் எண்ணை அளக்கிற கருவி இது. பாடத்திட்டத்தில் நீளமான பெயர் இருக்கும். ஆய்வகத்தில் மாணவர், ஆசிரியர், உதவியாளர் எல்லாருக்கும் அது ‘இ பை எம்’தான் (e/m: e மின்னூட்டம், m நிறை). நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினேழு வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன், பி.எஸ்சி. ஆய்வகம் என் பொறுப்பு. போன வருடம் ஜூலையில் இந்தக் கருவியை வாங்கினோம். வரி சேர்த்து அரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி பெயர் வேண்டாம். இதே அமைப்பில் பலர் செய்து விற்கிறார்கள், நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி எதை வாங்கினாலும் பொருந்தும்.

இதற்கு முன்பு எங்களிடம் இருந்தது சட்டக் காந்தம் வைத்துச் செய்கிற பழைய முறை. நீளமான ஒரு கேத்தோடு கதிர்க் குழாய் (எலக்ட்ரான் கற்றை ஓடுகிற கண்ணாடிக் குழாய்), இரண்டு பக்கமும் மரக்கை, அதன்மேல் காந்தம், கடைசியில் காந்தமானியை வைத்து ஊசி எத்தனை டிகிரி திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். திரையில் ஒரு பச்சைப் புள்ளி நகரும், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். எலக்ட்ரான் எந்த வழியாக வந்தது, எங்கே வளைந்தது என்பதெல்லாம் பிள்ளைகள் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டியவை. பதினைந்து வருடம் அந்தப் புள்ளியைக் காட்டி, “பாதை வளைவாக இருக்கும்” என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன்.

புதிய கருவியில் பாதையே தெரிகிறது. வாங்கச் சொல்லி நான் வாதாடியது இதற்காகத்தான்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தேங்காய் அளவைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குமிழ். அதன் அடியில் எலக்ட்ரான் துப்பாக்கி, படுக்கைவாக்கில் சுடுகிற மாதிரி. குமிழுக்குள் காற்றை எடுத்துவிட்டு மிகக் குறைந்த அழுத்தத்தில் ஹீலியம் விட்டிருக்கிறார்கள். எலக்ட்ரான் போகிற வழியில் ஹீலியம் அணுவில் மோதும்போது அந்த இடம் ஒளிரும். குமிழுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஜோடி ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயில், அதாவது மின்னோட்டம் விட்டால் காந்தப்புலம் தருகிற கம்பிச் சுருள்: ஒவ்வொன்றிலும் 130 சுற்று, ஆரம் 15 சென்டிமீட்டர், இரண்டுக்கும் நடுவே இடைவெளியும் அதே 15. ஆரமும் இடைவெளியும் சமமாக இருந்தால்தான் நடுவில் காந்தப்புலம் ஒரே சீராக இருக்கும். காயிலில் ஓர் ஆம்பியர் விட்டால் நடுவில் 0.78 மில்லிடெஸ்லா கிடைக்கும். எலக்ட்ரானை இழுத்து வேகம் கொடுக்கிற ஆனோடுக்கு 300 வோல்ட் வரை கொடுக்கலாம். துப்பாக்கி வாயில் இரண்டு சின்ன தகடுகள், மின்புலத்தைக் காட்டுவதற்கு.

முதல் நாள் சாயங்காலம், வகுப்பெல்லாம் முடிந்த பிறகு, நானும் உதவியாளர் அண்ணாச்சியும் ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுப் போட்டோம். எலக்ட்ரானை வெளிவிடுகிற ஃபிலமென்ட் கம்பி சூடாக ஒரு நிமிடம் விட்டு, ஆனோடு மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினேன். 150 வோல்ட் பக்கம் வரும்போது துப்பாக்கி வாயிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. தையல் நூல் கனம், இளம்பச்சை, நேராகப் போய்க் கண்ணாடியில் முட்டி அங்கே ஒரு பொட்டாக நின்றது. காயிலுக்கு மின்னோட்டம் கொடுத்தேன். கோட்டின் முனை மேல்நோக்கி எழும்பியது, வில்லாக வளைந்தது, வளைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் துப்பாக்கியின் முதுகில் வந்து சேர்ந்து முழு வட்டமானது. அண்ணாச்சி இருபத்தெட்டு வருடமாக ஆய்வகத்தில் இருப்பவர். குனிந்து பார்த்துவிட்டு, “வளவிய அந்தரத்துல தொங்க விட்ட மாதிரி இருக்கு தாயி” என்றார். அவர் சொன்னதைத்தான் ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்கிறேன். அதைவிடச் சரியான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

200 வோல்ட் கொடுத்தால் அந்த எலக்ட்ரான் நொடிக்கு ஏறக்குறைய 8,400 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நெல்லையிலிருந்து சென்னைக்கு ஒரே நொடியில் பதின்மூன்று தடவை போகலாம். காயிலில் 1.5 ஆம்பியர் இருந்தால் நாலு சென்டிமீட்டர் ஆர வட்டத்தை 30 நானோநொடியில் சுற்றி முடிக்கிறது. இவ்வளவு வேகமான ஒன்றை மேசைமேல் அசையாமல் நிற்கிற வளையலாகப் பார்க்க முடிவது பெரிய விஷயம். ஆனோடு மின்னழுத்தத்தை ஏற்றினால் வளையல் பெரிதாகிறது, காயில் மின்னோட்டத்தை ஏற்றினால் சுருங்குகிறது. குமிழைச் சாக்கெட்டில் கொஞ்சம் திருப்பினால், எலக்ட்ரான் காந்தப்புலத்துக்குச் செங்குத்தாகப் போகாமல் சாய்வாகப் போவதால், வட்டம் மூடாமல் ஸ்பிரிங் மாதிரி நீள்கிறது. மூன்று பக்கம் தேற்றம் எழுதிப் புரியாத பையனுக்கு அந்த ஸ்பிரிங்கைப் பார்த்ததும் புரிந்தது. “மேடம், பக்கவாட்டு வேகத்தை காந்தம் தொடவே இல்லல்லா?” என்று கேட்டான். அதுதான் விஷயம், அப்படியே ரெக்கார்டில் எழுது என்றேன்.

தகடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காயிலை அணைத்துவிட்டு தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் கோடு நேர்மின் தகட்டின் பக்கம் சாய்கிறது. தகட்டுக்குள் மட்டும் பரவளையம், வெளியே வந்ததும் நேர்கோடு. ஒரு மாணவி கேட்டாள், “இந்த விலகலை அளந்தே இ பை எம் கண்டுபிடிக்கலாமே, காயில் எதுக்கு மேடம்?” நல்ல கேள்வி. நோட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவளே கண்டுபிடித்தாள். எலக்ட்ரானின் வேகமும் மின்னழுத்தத்தால் வந்ததுதான், விலகலும் மின்னழுத்தத்தால் வந்ததுதான், அதனால் சமன்பாட்டில் மின்னூட்டமும் நிறையும் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடுகின்றன. எலக்ட்ரானுக்குப் பதில் புரோட்டானை எதிர்த்திசை மின்னழுத்தம் கொடுத்து அனுப்பினாலும் அதே அளவுதான் விலகும். மின்புலம் மட்டும் இருந்தால் துகள் தன்னை யாரென்று காட்டாது, காந்தப்புலமும் சேர்ந்தால்தான் காட்டும். புத்தகத்தில் இது ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை. இந்தத் தகடுகள் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் அந்தக் கேள்வி வர வேண்டுமென்றால் தகடு வேண்டும்.

இனி குறை. சின்னக் குறை இல்லை.

எல்லாரும் ஒப்புக்கொண்ட மதிப்பு 1.76 × 10¹¹ கூலூம் / கிலோகிராம். முதல் வாரம் மூன்று பேட்ச் செய்தார்கள். நான் அளந்து பார்த்தபோது 200 வோல்ட், 1.5 ஆம்பியருக்கு வட்டத்தின் விட்டம் 7.4 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 2.13 வருகிறது. இருபது சதவீதத்துக்கும் மேல் பிழை. ஆனால் ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்கு வந்தபோது எல்லாவற்றிலும் 1.75, 1.77, 1.76. ஒரு மாணவியின் நோட்டை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். 7.4 என்று பென்சிலில் எழுதியதை அழித்துவிட்டு 8.1 என்று எழுதியிருக்கிறாள். 8.1 இருந்தால் விடை சரியாக வரும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டிருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “எக்ஸ்டர்னல் வர்றவங்க ஸ்டாண்டர்டு வேல்யூ வரலைன்னா மார்க் குறைப்பாங்கன்னு சீனியர் அக்கா சொன்னாங்க மேடம்.”

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணின் மேல் கோபம் இல்லை. கண்ணால் 7.4 என்று பார்த்ததை அவள் தப்பு என்று நினைத்துவிட்டாள். அளந்தது அவள், ஆனால் அவளுக்கு அவள் கண்மேல் நம்பிக்கை இல்லை. அப்படி நினைக்க வைக்கிற கருவியும் வகுப்பும் எதற்கு?

மறுநாள் காயில் சுற்றில் எங்கள் பழைய டிஜிட்டல் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்தேன். கருவியின் பேனலில் 1.50 என்று காட்டும்போது மல்டிமீட்டர் 1.58 காட்டியது. வேறொரு மல்டிமீட்டரும் அதையே காட்டியது. காந்தப்புலம் மின்னோட்டத்தைப் பொறுத்தது, விடையில் அது இருமடிக்குப் போகிறது. ஐந்து சதவீத மீட்டர் பிழை பதினொரு சதவீத விடைப் பிழையாகிவிடும். விற்பனைக்குப் பிந்தைய சேவைக்குப் போன் செய்தேன். நாலாவது தடவை எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். பேசியதுதான் எனக்கு ஏற்கவில்லை: “மேடம், ரெக்கார்டுல 1.76 வந்தாப் போதும்ல? கடைசில 0.83-ஆல பெருக்கச் சொல்லிருங்க. நிறைய காலேஜ்ல அப்படித்தான் செய்றாங்க.” மீட்டரைச் சரிசெய்து தரும்படி இரண்டு முறை எழுதினேன். இன்றுவரை ஆள் வரவில்லை. அரை லட்சம் ரூபாய்க் கருவியில் ஒரு மீட்டரைச் சரியாக வைக்கிற அளவுக்குக்கூடக் கவனம் இல்லை என்பதை இந்த மதிப்புரையில் அழுத்தியே எழுதுகிறேன். கருவியின் உயிர் அந்தக் குமிழ் என்றால், நேர்மை அந்த மீட்டர்.

அந்த வாரம் வகுப்பில், எலக்ட்ரானைக் கண்டுபிடித்த தாம்சனின் கதையைச் சொன்னேன். கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தில் 1897-இல் ஜே.ஜே. தாம்சன் கேத்தோடு கதிரை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்தார். அதற்கு முன்பே, 1883-இல், ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் தகடுகளுக்கு நடுவே கதிரை அனுப்பிப் பார்த்து விலகவில்லை என்று முடிவுகட்டியிருந்தார். குழாயில் வாயு மிச்சம் இருந்தது, அது மின்கடத்தியாகி மின்புலத்தை மறைத்துவிட்டது. தாம்சன் காற்றை இன்னும் நன்றாக வெளியேற்றினார், கதிர் விலகியது. ஹெர்ட்ஸுக்கு இடைஞ்சலாக இருந்த அதே மிச்ச வாயுவைத்தான் நம் குமிழில் அளவு பார்த்து விட்டுவைத்திருக்கிறார்கள், கோடு கண்ணுக்குத் தெரிவதற்காக.

தாம்சனுக்கு அந்த வருடம் கிடைத்த எண் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய பாதிதான். வாயுவை மாற்றினார், கேத்தோடின் உலோகத்தை மாற்றினார், ஒவ்வொன்றுக்கும் வந்த எண்ணை வந்தபடியே அட்டவணையாக அச்சிட்டார். எண்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபட்டன. ஆனால் எந்த வாயுவாக இருந்தாலும் எந்த உலோகமாக இருந்தாலும் ஒரே சுற்றுவட்டாரத்தில் வந்தன, அது ஹைட்ரஜன் அயனியின் மதிப்பைவிட ஆயிரம் மடங்கு அளவில் இருந்தது. எல்லாப் பொருளிலும் ஒரே துகள் இருக்கிறது என்று சொல்ல அது போதுமாக இருந்தது. 1906-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கதையைக் கேட்டு 7.4-ஐ அழித்த பெண் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பேனாவில் எழுத ஆரம்பித்திருந்தாள்.

மல்டிமீட்டர் வைத்த பிறகு விடை 1.92-க்கு இறங்கியது. இன்னும் ஒன்பது சதவீதம் கூடுதல். இந்த இடத்தில் அண்ணாச்சிதான் எங்களுக்கு வழிகாட்டினார், அவருக்கே தெரியாமல். தரை துடைப்பதற்காக மேசையை இழுத்தவர் திரும்ப வைக்கும்போது கருவியை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார். அன்றைய பேட்சுக்கு அதே 200 வோல்ட், அதே 1.5 ஆம்பியரில் 1.70 வந்தது. முந்தைய நாள் விட்டம் 7.8, இன்றைக்கு 8.3. ஐந்து மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது?

எந்தக் கம்பியையும் தொடாமல் மேசையை மட்டும் திருப்பிப் பார்த்தோம். 7.8. மறுபடி திருப்பினோம். 8.3. பையன்கள் மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். “ஏ, பூமி!” என்றான் ஒருவன். பழைய காந்தமானியைக் கொண்டுவந்து வைத்தோம். எங்கள் காயிலின் அச்சு சரியாக வடக்கு தெற்காக இருந்தது. ஒரு பக்கம் வைத்தால் பூமியின் காந்தப்புலம் காயிலின் புலத்தோடு கூடுகிறது, திருப்பி வைத்தால் கழிகிறது. இரண்டு விட்டத்திலிருந்தும் கணக்குப் போட்டால் பூமியின் புலம் 36 மைக்ரோடெஸ்லா வந்தது. உண்மையில் இங்கே 40-ஐ ஒட்டி இருக்கும். மில்லிமீட்டர் அளவுகோலை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது எனக்கே ஆச்சரியம்.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நெல்லையை ஒட்டித்தான் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் இங்கே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். தொங்கவிட்ட காந்த ஊசி இங்கே ஏறக்குறையப் படுத்தபடியே நிற்கும், பூமியின் புலம் முழுவதும் தரைக்கு இணையாகவே இருக்கிறது. ஆகவே மேசையைத் திருப்பி நாங்கள் அளந்தது கிட்டத்தட்ட முழுப் புலத்தையும். டெல்லியில் இதைச் செய்தால் புலம் தரைக்குள் சாய்ந்திருக்கும், அச்சு படுத்திருக்கும் கருவியில் அதன் ஒரு பகுதி சிக்காது. கருவியோடு வந்த கையேட்டில் பூமியின் புலத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

இப்போது பூமியின் புலம் கூடவும் கழியவும் செய்யாதபடி காயிலின் அச்சைக் கிழக்கு மேற்காக வைத்துவிட்டோம், தரையில் சாக்பீஸால் அண்ணாச்சி கோடு போட்டிருக்கிறார். அப்படி வைத்தால் வட்டம் மூடாமல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு விலகும், குமிழை இரண்டு டிகிரி திருப்பினால் சேர்ந்துகொள்ளும். கடைசி நான்கு பேட்சுக்கு வந்தவை 1.81, 1.78, 1.84, 1.79. எல்லாமே கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வாயுவில் மோதி எலக்ட்ரான் ஆற்றலை இழக்கிறது, வட்டம் சற்றுச் சிறிதாகிறது, விடை ஏறுகிறது. அதனால்தான் ஒளிக்கோட்டின் நடுவைப் பார்க்காமல் வெளி விளிம்பைப் பார்த்து அளக்கச் சொல்கிறேன். மோதாமல் முழு வேகத்தோடு வந்தவை அங்கேதான் இருக்கும்.

மற்றவை சுருக்கமாக. விட்டம் அளக்கிற நகரும் குழல் நன்றாக இருக்கிறது, குறுக்குக் கம்பி இரண்டும் ஒன்றாகத் தெரிகிறபடி கண்ணை வைத்தால் இடமாறு தோற்றப் பிழை வராது. காயில் பத்து நிமிடத்தில் சூடாகி மின்னோட்டம் இறங்க ஆரம்பிக்கிறது, ஒவ்வோர் அளவுக்கும் நடுவே பேனலில் இருக்கிற திருகுப் பொத்தானைத் திருப்பி சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மின்சாரம் போய்விட்டால் எல்லாத் திருகுப் பொத்தான்களையும் சுழியத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும், இல்லாவிட்டால் ஃபிலமென்ட் தாங்காது. கூடவே வந்த கறுப்புத் துணி மெல்லியது, பகல் வெளிச்சத்தில் கோடு தெரியவில்லை. பஜாரில் கனமான கறுப்புத் துணி நாலு மீட்டர் வாங்கித் தைத்துப் போட்டோம். உதிரி குமிழின் விலை கருவியின் விலையில் பாதிக்கு மேல் சொல்கிறார்கள், வாங்கும்போதே அதைப் பேசிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளில் பலர் வீட்டுப் பரணில் அரசு கொடுத்த பழைய வண்ணத் தொலைக்காட்சி இன்னும் கிடக்கிறது. அதன் கழுத்தில் இருக்கிற காயிலும் இதே வேலையைத்தான் செய்தது என்று சொன்னபோது ஒருத்தி, சின்ன வயதில் காந்தத்தைத் திரையருகே கொண்டுபோய்ப் படம் ஊதா நிறமாகி அடிவாங்கியதைச் சொன்னாள். அதற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது என்றாள்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்பு பேனல் மீட்டரை உங்கள் மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் வேறு கம்பெனியைப் பாருங்கள். எங்களுக்கு ஐந்து பேர் ஒரு கருவியைச் சுற்றி நிற்க வேண்டியிருக்கிறது, இன்னொன்று வாங்க முதல்வரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். கொள்முதல் நிபந்தனையில் மீட்டர் சோதனையை ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன். இப்போதைக்குப் பேனல் மீட்டரின் முகத்தில் அண்ணாச்சி வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிட்டார். அதன்மேல் 7.4-ஐ அழித்த அந்தப் பெண்ணே மார்க்கரில் எழுதியிருக்கிறாள்: “இதைப் படிக்காதீங்க. பக்கத்து மல்டிமீட்டரைப் படிங்க. வர்றதை எழுதுங்க.”